கூண்டு முட்டையா, ஊர்க்கோழி முட்டையா? மட்டக்களப்பு, அம்பாறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சந்தையிலும், கோழிக்கு மருந்து போடும் இடத்திலும், தாய்மார் கிளினிக் வாசலிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். லேசானவை முதலில், சிக்கலானவை பிறகு.

பாம் முட்டை, ஊர்க்கோழி முட்டை, கூண்டில்லா முட்டை எண்டு என்னென்னவோ செல்றாங்க. எல்லாம் ஒண்டுதானே?

முட்டை ஒன்றுதான். கோழி பகலில் எங்கே நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம். பற்றரிக் கூடு என்றால் கம்பிக் கூட்டுக்குள் மூன்று நான்கு கோழிகள். முட்டையிடத் தொடங்கிய நாளிலிருந்து கழிக்கும் நாள்வரை அதற்குள்ளேயே. ஆழ்கூளம் என்றால் கொட்டிலுக்குள் உமி பரப்பி, கோழியைத் தரையில் நடக்க விடுவது. வெளியே வராது, ஆனால் நடக்கும், கிளறும். அரைச்செறிவு முறையில் இரவுக்குக் கொட்டில், பகலில் வேலி போட்ட வளவு. ஊர்க்கோழிக்கு வேலியும் இல்லை. வளவு, ஒழுங்கை, அயல் வீட்டு அடுப்படி எல்லாம் அதன் ராச்சியம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: "பாம்" என்றாலே கூண்டு அல்ல. குருநாகல், புத்தளம், கம்பஹா பக்கத்திலிருந்து லொறியில் வரும் முட்டையில் கூண்டு முட்டையும் இருக்கும், ஆழ்கூள முட்டையும் இருக்கும். நம் மாவட்டங்களின் சிறு பண்ணைகளில் சிலர் உமியில் வளர்க்கிறார்கள், சிலர் கூடு அடுக்கியிருக்கிறார்கள். நெல்லாலை இருக்கும் ஊரில் உமிக்குப் பஞ்சமில்லை என்பதால் ஆழ்கூளம் நமக்குக் கட்டுப்படியான முறைதான். கீழே சொல்லும் பல விசயங்கள் இந்த நடு வகையைச் சுற்றித்தான் வரும்.

கூட்டுக்குள்ள தீனும் தண்ணியும் நேரத்துக்குக் கிடைக்குது, கீரி நாய்ப் பயமும் இல்ல. பிறகு என்ன குறை?

ஒரு ஏ4 தாளை எடுத்துத் தரையில் வையுங்கள். அது ஏறக்குறைய 624 சதுர சென்ரிமீற்றர். வழமையான பற்றரிக் கூட்டில் ஒரு கோழிக்குக் கிடைப்பது 450 முதல் 550 வரை, அதாவது தாளை விடக் குறைவு. கோழி நிற்க அது போதும். இறக்கையை விரித்து அடிக்க அதைப்போல இரட்டிப்பு இடமாவது வேண்டும்.

இடத்தை விடப் பெரிய குறை வேறு. கோழிக்கு நான்கு வேலைகள் பிறவியிலேயே உண்டு: நிலத்தைக் கிளறுவது, மண்ணில் குளிப்பது, இரவில் உயரத்தில் ஏறிக் குந்துவது, முட்டையிட மறைவிடம் தேடுவது. கூட்டில் நான்குமே இல்லை. கம்பித்தரை சரிவாக இருக்கும், முட்டை முன்னால் உருண்டு வருவதற்காக. முட்டையிடும் நேரம் நெருங்கியதும் ஊர்க்கோழி கொக்கரித்துக்கொண்டு மூலை மூலையாகத் தேடித் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். கூட்டுக் கோழிக்கும் அதே தவிப்பு வரும். முன்னும் பின்னும் அசையும், கம்பியில் தலையை விட்டு எடுக்கும், கடைசியில் மற்றக் கோழிகளின் காலடியில் இட்டுவிடும். நாளாந்தம் இதுதான்.

எலும்பும் கெடும். ஒரு முட்டைக் கோதில் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் இருக்கிறது. ஆண்டுக்கு 300 முட்டை இடும் லேயர் கோழி (முட்டைக்கென்றே வளர்க்கும் பண்ணை இனம்) 600 கிராம் கல்சியத்தைக் கோதாக வெளியேற்றுகிறது. தீனில் போதாத நாளில் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். நடமாட்டமும் இல்லாதபோது எலும்பு மெலிந்து, கால் மடங்கி விழுந்துவிடும் கோழிகள் உண்டு; கூட்டுக் கோழிகளில் இது பழைய வருத்தம்.

அப்ப தரையில விட்டா கோழிக்குச் சுகம்தானே?

பாதி சரி. மேலே சொன்ன நான்கு வேலைகளும் கிடைக்கும், எலும்பு பலப்படும். ஆனால் வேறு தொல்லைகள் வந்து சேரும். எச்சத்தோடு உறவாடுவதால் குடற்புழுவும் இரத்தக் கழிச்சலும் வரும். மார்கழி மழையில் உமி நனைந்தால் கொட்டிலுக்குள் அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும். மனிதருக்குக் கரித்தால் கோழிக்கு ஏற்கனவே கண் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கூட்டம் கூடினால் ஒன்றையொன்று கொத்தும், இரத்தம் கண்டால் நிறுத்தாது. அதைத் தடுக்கப் பெரிய பண்ணைகளில் அலகின் நுனியைச் சுட்டு வெட்டுவார்கள், கூண்டில்லாப் பண்ணைகளிலும்தான். உயரப் பரணிலிருந்து குதித்து நெஞ்செலும்பு உடைவதும் தரைக் கோழிகளில் அதிகம்.

ஊர்க்கோழிக்குப் பருந்து, கீரி, மரநாய், வீதி வாகனம். போதாததற்கு ஆண்டுக்கொருமுறை வருத்தம் வந்து ஊரே வெறுமையாகும். பெரும்பாலும் அது நியூகாசில் நோய். ஆகவே "விட்டு வளர்த்தது" என்ற சொல் மட்டும் நல்ல வாழ்வுக்கு அத்தாட்சி ஆகாது. மருந்து போடாமல், இரவுக் கூடு இல்லாமல் விடப்பட்ட கோழியின் சுதந்திரம் சில வேளை மூன்று மாதத்தில் முடிந்துவிடும். நன்றாகப் பராமரிக்கப்படும் ஆழ்கூளம் அதைவிட மேல். கூண்டு இரண்டுக்கும் கீழே.

இதுக்கெல்லாம் சட்டம் இல்லையா?

ஐரோப்பிய ஒன்றியம் 1999 இல் சட்டம் இயற்றி, 2012 ஜனவரி 1 முதல் பழைய பற்றரிக் கூட்டைத் தடை செய்தது. அதற்குப் பிறகு அங்கே கூடு வைத்தால் கோழிக்கு 750 சதுர சென்ரிமீற்றரும், குந்து கம்பும், முட்டையிட மறைவிடமும் இருக்க வேண்டும். திறந்தவெளி என்று விற்க ஒரு கோழிக்கு 4 சதுர மீற்றர் வெளி நிலம் கட்டாயம். சுவிற்சர்லாந்து 1992 இலேயே பற்றரிக் கூட்டை ஒழித்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் முட்டைக் கோதில் அச்சிட்டிருக்கும் இலக்கத்தின் முதல் எண்ணைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்: 0 இயற்கை முறை, 1 திறந்தவெளி, 2 கொட்டில், 3 கூடு.

நம் நாட்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கம். பற்றரிக் கூடு உலகத்தில் பரவுவதற்கு முன்னே எழுதியது. கோதில் எண் அச்சிடும் கட்டாயமும் இங்கே இல்லை. ஆனால் பொய் சொல்லி விற்பது வேறு விசயம்: 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வாங்குபவரை ஏமாற்றும் நடத்தையைத் தடை செய்கிறது. கூண்டு முட்டையை "ஊர்க்கோழி" என்று எழுதி விற்றால் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்.

கடைக்காரர் ஊர்க்கோழி முட்டைதான் எண்டு சத்தியம் பண்றார். எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முட்டையைப் பார்ப்பதற்கு முன் கணக்கைப் பாருங்கள். ஊர்க்கோழி 10 முதல் 15 முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரித்து வளர்த்துத் திரும்ப இடுவதற்குள் இரண்டு மூன்று மாதம். ஆண்டுக்கு 60 முட்டை என்றால் நல்ல கோழி. ஒரு கடை கிழமைக்கு 300 "ஊர்க்கோழி முட்டை" விற்றால் ஆண்டுக்கு 15,600. அதற்கு 260 கோழி ஓயாமல் வேண்டும். படுவான்கரையில் பத்து வீட்டில் சேர்த்துக் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் சொன்னால் நம்பலாம். ஆண்டு முழுவதும், மாரியிலும், ட்ரே ட்ரேயாக, எல்லாம் ஒரே அளவில் வைத்திருந்தால் நம்ப இடமில்லை.

அளவுதான் அடுத்த சாட்சி. ஊர் முட்டை பெரும்பாலும் 35 முதல் 45 கிராம். பத்து முட்டை சுமார் 400 கிராம் வரும். நிறம், வடிவம், பருமன் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது: ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பு, ஒன்று கூர்மூக்கு. கவனிக்க வேண்டிய தந்திரம் ஒன்றுண்டு. லேயர் கோழி முதன்முதல் இடும் முட்டைகளும் சிறியவை. அவற்றை ஒதுக்கி வைத்து "ஊர்க்கோழி" என்று விற்பது எளிது. எல்லாம் சிறிதாக இருந்தும் எல்லாம் ஒரே பழுப்பாக இருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். தேயிலைச் சாயம் ஏற்றியிருந்தால் ஈரத்துணியால் தேய்க்கும்போது திட்டுத்திட்டாகக் கழலும். வெறும் தண்ணீரில் இயற்கை நிறம் போகாது. தேசிக்காய்ப் புளி விட்டுச் சோதிக்காதீர்கள். புளிப்பு கோதின் மேற்படையையே கரைத்து, உண்மையான பழுப்பையும் கொஞ்சம் எடுத்துவிடும், வீணாக ஒருவர்மேல் பழி வரும்.

மண்ணிற முட்டை எண்டா ஊர்க்கோழி, வெள்ளை எண்டா பாம். சரிதானே?

இல்லை. கோதின் நிறம் இனத்தைப் பொறுத்தது. வெள்ளை லெகோன் வெள்ளை முட்டை இடும். மண்ணிற லேயர் இனங்கள் கூண்டுக்குள் நின்றுகொண்டே மண்ணிற முட்டை இடும்.

மஞ்சட்கரு கடும் செம்மஞ்சளா இருந்தா?

அதுவும் தீனின் நிறம். சோளன், முருங்கை இலை, புல் தின்றால் கரு கடும் மஞ்சள். குறுணலும் தவிடும் மட்டும் தின்றால் ஊர்க்கோழிக்கும் வெளிறிய கருதான். பண்ணைத் தீனில் செவ்வந்திப்பூச் சாறும் மிளகாய்ச் சாறும் சேர்த்து வேண்டிய நிறத்தை வரவழைக்கலாம். "ஒமேகா முட்டை" என்று பெட்டியில் வருவதும் இப்படித்தான்: ஆளிவிதையோ மீன் எண்ணெயோ சேர்த்த தீன். அந்தக் கோழி கூண்டில் நின்றதா, தரையில் நின்றதா என்று அந்தப் பெயர் சொல்லாது.

ஊர்க்கோழி முட்டை சத்துக் கூட எண்டு அம்மம்மா செல்லுவா.

புரதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை; நூறு கிராமுக்கு இரண்டிலும் 12, 13 கிராம்தான். வெயிலில் திரியும் கோழியின் கருவில் விற்றமின் டி கூடுதல், பச்சை மேய்ந்தால் ஒமேகா கொழுப்பும் கொஞ்சம் கூடுதல். அம்மம்மா சொன்னதில் உண்மை உண்டு, ஆனால் இரு மடங்கு விலைக்கு ஏற்ற அளவுக்கு இல்லை. ருசி வேறு விசயம். அதில் யாரும் யாரையும் வெல்ல முடியாது.

விலை இவ்வளவு கூட. கணக்குப் போட்டா உண்மையில எவ்வளவு வித்தியாசம்?

எண்ணிக்கையில் பார்க்காமல் நிறையில் பாருங்கள். உதாரணத்துக்கு: 60 கிராம் பாம் முட்டை 40 ரூபா, 40 கிராம் ஊர் முட்டை 60 ரூபா. பார்வைக்கு ஒன்றரை மடங்கு. கிராமுக்குக் கணக்கிட்டால் பாம் முட்டை 67 சதம், ஊர் முட்டை 1 ரூபா 50 சதம். அதாவது இரண்டேகால் மடங்கு. நிறையில் விலை சொல்வது புதிதல்ல. 2023 ஏப்ரலில் அரசு விதித்த உச்ச விலையே கிலோவுக்கு வெள்ளை 880, மண்ணிறம் 920 ரூபா என்றிருந்தது.

சமையலிலும் இந்தக் கணக்கு பிசகும். பத்து பாம் முட்டை சொல்லியிருக்கும் வட்டிலப்பத்துக்குப் பத்து ஊர் முட்டை ஊற்றினால் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் கூடிப்போய், இறுகாமல் தளதளவென்று நிற்கும். 14 அல்லது 15 வேண்டும். நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் இரவில் இது தெரிய வந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பிள்ளைக்கு நாளுக்கொரு முட்டை குடுக்கச் செல்றாங்க. ஊர் முட்டைக்குக் கட்டாது. கூண்டு முட்டை வாங்கினா பாவமா?

பாவக் கணக்கைப் பிள்ளையின் தட்டிலிருந்து தொடங்காதீர்கள். வளரும் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் முட்டையைப்போல மலிவான நல்ல புரதம் சந்தையில் அரிது. கூண்டு முட்டைதான் கைக்கெட்டுகிறது என்றால் அதை வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி கேட்க வேண்டிய இடம் வேறு. வீட்டு முட்டையைவிடப் பல மடங்கு முட்டை பேக்கரி, கொத்துக்கடை, ரோல்ஸ், கேக், கல்யாணப் பந்தி வழியாகப் போகிறது. அங்கே ஊர் முட்டை கேட்பது நடக்காத காரியம். ஆழ்கூள முட்டை கேட்பது நடக்கும். மொத்தமாக வாங்கும் ஒருவர் அருகிலுள்ள பண்ணையில் நேரே போய் நான்கு விசயம் கேட்டால் போதும்: கோழி தரையிலா, கூட்டிலா? ஒரு சதுர அடிக்கு எத்தனை கோழி? முட்டையிடப் பெட்டி உண்டா? அலகு வெட்டியதா? உமித் தரையில் ஒரு கோழிக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி, ஐந்து கோழிக்கு ஒரு பெட்டி இருந்தால் அது மதிக்கத்தக்க பண்ணை. கொட்டில் வாசலில் மூக்கைப் பொத்த வேண்டி வந்தால் மேலே அமோனியா பற்றிச் சொன்னதை நினைத்துக்கொண்டு திரும்பி வாருங்கள். உள்ளே விட மறுத்தால் உடனே சந்தேகப்படாதீர்கள். நோய்ப் பயத்தால் அந்நியரை நிறுத்துவது நல்ல பழக்கம். வாசலில் நின்று பார்த்தாலே தரையா கூடா என்று தெரியும்.

சேவல் இல்லாம இடுற முட்டை சைவம்தானே?

சேவல் இல்லாவிட்டால் கருக்கட்டாது, அடை வைத்தாலும் குஞ்சு வராது. பண்ணை முட்டை பெரும்பாலும் அப்படித்தான். அதைச் சைவம் என்று கொள்வது அவரவர் வீட்டு, கோயில் வழக்கம். கோழியின் உடலுக்கு அதில் வித்தியாசம் இல்லை. மஞ்சட்கருவில் காணும் இரத்தப் புள்ளியைக் குஞ்சு என்று எண்ணி முழு முட்டையையும் வீசுவார்கள். முட்டை உருவாகும்போது சிறு நாளம் வெடித்த தடம் அது. கூண்டுக் கோழி முட்டையிலும் வரும்.

ஊர்க்கோழி கண்ட குப்பையையும் கிளறுது. அதுட முட்டையைத் திங்கலாமா? மார்க்கப்படி எப்படி?

அசுத்தத்தையே பெரும்பகுதித் தீனாகக் கொண்ட பிராணியை மார்க்க நூல்கள் ஜல்லாலா என்கின்றன. அப்படிப்பட்ட கோழியை மூன்று நாள் கட்டி வைத்து நல்ல தீன் கொடுத்த பிறகு பயன்படுத்துவது முன்னோர் வழக்கம். உங்கள் கோழி அந்த அளவுக்குப் போகிறதா என்பதைப் பள்ளிவாசல் மௌலவியிடம் கேளுங்கள்.

சுகாதாரக் கணக்கில் குப்பையை விடச் சாம்பல் மோசம். பிளாஸ்ரிக், ரயர், செம்புக்காக வயர் எரித்த இடத்தில் டயொக்சின் போன்ற நஞ்சு மண்ணில் தங்கும். கோழி கிளறும்போது மண்ணும் உள்ளே போகும். இந்த நஞ்சு கொழுப்பில் சேர்வது, கோழியின் கொழுப்பு வெளியேறும் வழியோ மஞ்சட்கரு. மூன்று நாள் கட்டி வைத்தால் இது போகாது, மாதக்கணக்கில் நிற்கும். குப்பை எரிக்கும் மூலைக்கு வேலி போடுங்கள், அல்லது எரிப்பதை நிறுத்துங்கள். இந்த ஒரு விசயத்தில் கூண்டு முட்டை ஊர் முட்டையை விடச் சுத்தமாக இருக்கக்கூடும் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பெரியபிள்ளையான பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடுப்பம். ஊர்க்கோழி முட்டை எண்டாப் பயமில்லைதானே?

சல்மனெல்லா கிருமி ஊர்க்கோழி, கூட்டுக்கோழி என்று பார்ப்பதில்லை. கோதிலுள்ள எச்சத்தில் இருக்கும். சில கோழிகளில் முட்டை உருவாகும்போதே உள்ளே போய்விடும், அப்போது கோதைக் கழுவிப் பயனில்லை. பச்சை முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் உடல் எடுக்கும், அவித்தால் 90 வீதம். அவித்த முட்டையோடு நல்லெண்ணெயும் உழுந்தங்களியும் கொடுத்தால் சடங்கும் குறையாது, பிள்ளைக்கும் நல்லது. கர்ப்பிணி, சிறு பிள்ளை, முதியவருக்குக் கரு இறுகும்வரை அவியுங்கள்.

முட்டையை வாங்கியவுடன் கழுவி அடுக்காதீர்கள். கோதின் மேல் மெல்லிய காப்புப்படை உண்டு; கழுவினால் அது போய், ஆயிரக்கணக்கான நுண்துளைகளால் அழுக்குத் தண்ணீர் உள்ளே இழுபடும், குளிர்ந்த நீரென்றால் இன்னும் வேகமாக. எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடையுங்கள். கழுவியே ஆக வேண்டுமென்றால் சமைப்பதற்குச் சற்று முன், முட்டையை விடச் சூடான நீரில்.

அப்ப வீட்டிலயே ஆறு கோழி வளர்க்கலாம் எண்டு பாக்கிறம். என்ன வேணும்?

இரவுக்கூடு 4 அடி நீளம், 3 அடி அகலம், நிலத்திலிருந்து 2 முதல் 3 அடி உயரத்தில். கார்த்திகை முதல் தை வரை வெள்ளம் வரும் தாழ்ந்த வளவென்றால் இன்னும் உயர்த்துங்கள். குந்து தடி 4 அடி போதும், ஒரு கோழிக்கு 20 சென்ரிமீற்றர் கணக்கு. வலை அரை அங்குலக் கண். வழமையான பெரிய கண் கோழிவலையால் பாம்பு நுழையும், கீரி வாயை விட்டுக் காலைக் கடித்து இழுக்கும். ஓர் அடிச் சதுரப் பெட்டி இரண்டு, உள்ளே வைக்கோல். மஹ்ரிபு பாங்குக்கு முன், விளக்கு வைக்கும் நேரத்துக்குள் கதவு பூட்டுங்கள். மரநாய் அதற்குப் பிறகுதான் வரும்.

காலை பத்து மணிவரை திறக்காதீர்கள். கோழி பெரும்பாலும் காலையில்தான் இடும். விடிந்ததும் திறந்தால் முட்டை பற்றைக்குள் போய்விடும், பதினைந்து நாள் கழித்துக் கூழ் முட்டையாகத்தான் கையில் வரும். பத்து மணிக்குப் பிறகு திறந்தால் அயலவரின் மிளகாய்க் கன்றுக்கும் கொஞ்சம் பாதுகாப்பு.

தீன்: குறுணல், தவிடு, உடைத்த சோளன், தேங்காய்ப் புண்ணாக்கு, முருங்கை இலை. கடைத் தீன் என்றால் லேயர் கோழிக்கு நாளுக்கு 110 முதல் 120 கிராம். மேயும் ஊர்க்கோழிக்கு அதில் பாதியளவு. வாவிக்கரையில் கிடைக்கும் மட்டிச் சிப்பியை இடித்துத் தனிச் சிரட்டையில் வையுங்கள், கோழி தனக்கு வேண்டியதைத் தானே எடுக்கும். மீன் கழிவு கொடுக்கலாம். கூடினால் முட்டையில் மீன் நாற்றம். உப்புக் கருவாடு வேண்டாம், உப்புக் கூடினால் தண்ணீராய்க் கழிந்து கோழி சாகவும் கூடும். கச்சான் வீசும் மாதங்களில் கோது மெலிந்தால் சிப்பியை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். வெக்கையில் கோழி வாயைத் திறந்து இரைக்கும்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகம் வெளியேறுகிறது. கோது கட்டத் தேவையான காபனேற்று குறைகிறது. நிழலும், மத்தியானத்தில் மாற்றிய குளிர்ந்த தண்ணீரும்தான் மருந்து.

நியூகாசில் தடுப்பு மருந்துக்கு அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு குப்பி நூற்றுக்கணக்கான கோழிக்குப் போதும். கரைத்த பின் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். ஆகவே ஆறு கோழிக்காகப் போகாமல் ஒழுங்கை முழுவதும் சேர்ந்து ஒரே நாளில் போடுங்கள். வருத்தம் வந்த பிறகு போடும் மருந்து காப்பாற்றாது.

கோழி அடைக்குக் கிடக்கு, எழும்புதில்ல. மூக்கில இறகு குத்தினா எழும்பும் எண்டு செல்றாங்களே?

வேண்டாம். மூக்கில் இறகு குத்துவதும் தண்ணீரில் அமுக்குவதும் வதை; நோயும் வரும். அடிவயிற்றுச் சூடு இறங்கினால் அடைக்குணம் போகும். அடியில் காற்றோடும் கம்பித்தரைக் கூட்டில், வைக்கோல் இல்லாமல், தீனும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விட்டால் போதும். கூண்டை இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று நாளுக்கும் பதினைந்து மாதத்துக்கும் வித்தியாசம் உண்டு.

முட்டைக் கோழி இனத்தில ஆண் குஞ்சு பொரிச்சா என்ன செய்வாங்க?

பொரித்த அன்றே கொல்வார்கள். முட்டையும் இடாது, இறைச்சிக்கும் புரொய்லர்போலக் கொழுக்காது. கூண்டோ திறந்தவெளியோ, லேயர் குஞ்சு வாங்கும் எந்தப் பண்ணைக்குப் பின்னாலும் இது உண்டு. ஜேர்மனி 2022 முதல் தடை செய்திருக்கிறது. ஊர்க்கோழியில் மட்டும்தான் சேவல் குஞ்சுக்கும் ஒரு காலம் கிடைக்கிறது, கறிச்சட்டி வரைக்குமாவது.

பண்ணையில கழிக்கிற லேயர் கோழி மலிவா வருது. கறிக்கு இல்லாம வளர்க்க வாங்கலாமா?

வாங்கலாம், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டால். 72 முதல் 80 கிழமையில் கழிப்பார்கள். முட்டை நிற்காது, குறையும். இறகு உதிர்த்து ஓய்ந்து மீண்டும் தொடங்கும். வாங்கியவுடன் மற்றக் கோழிகளோடு விடாமல் இரண்டு கிழமை தனியாக வையுங்கள். கால் எலும்பு மெலிந்திருக்கும், இறக்கையில் பிடித்துத் தூக்காதீர்கள், இரு கையாலும் உடலோடு அணைத்துத் தூக்குங்கள். முதல் மாதம் லேயர் தீனை நிறுத்தாதீர்கள். குப்பை கிளறித் தின்ன அதற்குத் தெரியாது.

கூட்டிலிருந்து வந்தவை என்றால் மாலையில் குந்து தடியில் ஏறவும் தெரியாது. மூலையில் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து படுக்கும், அடியிலிருப்பது மூச்சுமுட்டும். ஓர் அடி உயரத்தில் தடி வைத்து, இருட்டியதும் ஒவ்வொன்றாகத் தூக்கி அதில் இருத்துங்கள். ஒரு கிழமை செய்தால், பிறகு தானே ஏறும்.